பி7-ல் நின்ற மந்திரி: அரோனியன் – ஆனந்த், 2013

போன மாசம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். பன்னிரண்டு வயசு, மாவட்டப் போட்டிகளில் ஆடுகிறவன். இனிமேல் செஸ் கிளாஸுக்குப் போக மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டானாம். ஏன்டா என்று கேட்டேன். "எல்லாம் மனப்பாடம் மாமா. கம்ப்யூட்டர் சொல்றதை யார் அதிகமா ஞாபகம் வச்சிருக்காங்களோ அவங்க ஜெயிக்கிறாங்க. அதுல ஆட என்ன இருக்கு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம், ஏறக்குறைய இதே கருத்து எனக்கும் பல வருஷமாக இருந்தது. அதுவும் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை வைத்து. 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ போட்டியில் லெவோன் அரோனியனை ஆனந்த் கறுப்புக் காய்களோடு 23 நகர்த்தலில் வீழ்த்திய ஆட்டம் அது. ஆனந்த் அப்போது உலக சாம்பியன். அரோனியன் 2800 ரேட்டிங்கைத் தாண்டியிருந்த ஒரு சிலரில் ஒருவர். ஆட்டம் முடிந்ததும் உலகமே கொண்டாடியது. அந்தத் தயாரிப்பு 2012-ல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டோடு ஆடிய உலக சாம்பியன் போட்டிக்காகச் செய்தது என்று ஆனந்த் சொன்னதும் எனக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. அட, வீட்டுப்பாடம்தானா! அத்தோடு அந்த ஆட்டத்தை ஓரமாக வைத்துவிட்டேன்.

பையன் கேட்ட கேள்விக்காக அதை மறுபடி எடுத்தேன். இந்த முறை போனில் இல்லை, மரப்பலகையில். எஞ்சின் இல்லை. நகர்த்தல்களை ஒரு தாளில் எழுதி, அட்டையால் மூடி, ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தோம். அடுத்த நகர்த்தல் என்ன என்று இருவரும் சொல்ல வேண்டும், பிறகுதான் அட்டை இறங்கும். இரண்டு மணி நேரம் ஆனது. அதில் கண்டதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்களும் பலகை வைத்துக்கொள்ளலாம். முழு ஆட்டம் இதுதான். கு என்றால் குதிரை, ம மந்திரி, ரா ராணி, யா யானை. எழுத்து இல்லாவிட்டால் சிப்பாய். × என்றால் வெட்டுவது.

1. டி4 டி5 2. சி4 சி6 3. கு-எஃப்3 கு-எஃப்6 4. கு-சி3 இ6 5. இ3 கு(பி8)-டி7 6. ம-டி3 டி×சி4 7. ம×சி4 பி5 8. ம-டி3 ம-டி6 9. கேஸ்லிங் கேஸ்லிங் 10. ரா-சி2 ம-பி7 11. ஏ3 யா-சி8 12. கு-ஜி5 சி5 13. கு×எச்7 கு-ஜி4 14. எஃப்4 சி×டி4 15. இ×டி4 ம-சி5 16. ம-இ2 கு(டி7)-இ5 17. ம×ஜி4 ம×டி4 செக் 18. ராஜா-எச்1 கு×ஜி4 19. கு×எஃப்8 எஃப்5 20. கு-ஜி6 ரா-எஃப்6 21. எச்3 ரா×ஜி6 22. ரா-இ2 ரா-எச்5 23. ரா-டி3 ம-இ3. வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது.

ஓப்பனிங் கேட்கும் ஒரே கேள்வி

இந்த ஆட்டத்தைப் பற்றி வந்த குறிப்புகளில் பெரும்பாலானவை 15, 16-வது நகர்த்தல்களுக்கு இரட்டை ஆச்சரியக்குறி போட்டு, முதல் பதினொன்றை ஒரே வரியில் தாண்டிப் போகும். 'தெரிந்த வரிசை' என்று ஒரு சொல், அவ்வளவுதான். என் முதல் குறையே இதுதான். முதல் பதினொன்றைப் புரிந்துகொள்ளாமல் 15-வதைப் பார்த்தால் அது மேஜிக் ஷோ மாதிரி தெரியும். கைதட்டலாம், கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது.

இந்த ஓப்பனிங்குக்கு செமி-ஸ்லாவ் என்று பேர். அதில் இந்தக் கிளைக்கு மெரான் என்று பேர். வடக்கு இத்தாலியில் உள்ள ஊர் அது. 1924-ல் அங்கே நடந்த போட்டியில் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன் இதை ஆடினார், ஊர் பேரே ஓப்பனிங்குக்கு நின்றுவிட்டது. ரூபின்ஸ்டைன் பேரை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வருகிறார்.

கறுப்புக்கு இதில் ஒரு பெரிய தொந்தரவு உண்டு. சி6, டி5, இ6 என்று சிப்பாய்களை நிறுத்தினால் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் சி8-ல் இருக்கும் மந்திரி வெளியே வர வழியே இருக்காது. சொந்த வீட்டுச் சுவருக்குள் மாட்டிக்கொண்ட ஆள். மெரான் இதற்குச் சொல்லும் வழி: வெள்ளை மந்திரி டி3-க்கு வரும்வரை பொறு. வந்ததும் சி4-ல் உள்ள சிப்பாயை வெட்டு, அது திரும்ப வெட்ட வரும். உடனே பி5 போட்டு அதை விரட்டு. ஆக வெள்ளை மந்திரி டி3, சி4, மறுபடி டி3 என்று மூன்று நகர்த்தல் செலவழித்து புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. அந்த அவகாசத்தில் நம் மந்திரி பி7-ல் குடியேறுகிறது.

குடியேறினால் போதுமா? போதாது. பி7-ல் நின்று பார்த்தால் அதன் மூக்குக்கு நேரே சி6-ல் நம்முடைய சிப்பாயே நிற்கிறது. அந்தச் சிப்பாய் சி5-க்கு நகரும்வரை அந்த மந்திரி ஒரு பெரிய சிப்பாய்க்குச் சமம். அதனால் இந்த ஓப்பனிங்கின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: சி5 எப்போது? வெள்ளையின் வேலை சி5-ஐத் தடுப்பது. கறுப்பின் வேலை அதைச் சாதிப்பது.

11-வது நகர்த்தலில் அரோனியன் ஏ3 ஆடினார். அடுத்து பி4 போட்டு சி5-க்குப் பூட்டுப் போடும் எண்ணம் அதில் உண்டு. ஆனால் 12-வதில் பூட்டைப் போடாமல் குதிரையை ஜி5-க்கு அனுப்பினார். சி2-ல் ராணி, டி3-ல் மந்திரி, ஜி5-ல் குதிரை, மூன்றும் எச்7 சிப்பாயைப் பார்க்கின்றன. இப்போது கறுப்பு என்ன செய்யும்?

நான் எச்6 என்றேன். குதிரையை விரட்டத்தானே வேண்டும்! பையன் ஜி6 என்றான். அட்டையை இறக்கினோம். சி5.

வாசல் திறப்பது

இரட்டை ஆச்சரியக்குறி போடுவதாக இருந்தால் நான் இங்கேதான் போடுவேன். கோட்டைச் சுவரில் கன்னம் வைத்துக்கொண்டிருக்கிறான் எதிரி, ஆனந்த் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஓப்பனிங் ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் சொல்கிறார். சி6-ல் இருந்த சிப்பாய் நகர்ந்ததும் பி7 மந்திரிக்கு ஜி2 வரை பாதை திறக்கிறது, அங்கிருந்து ராஜா தூரமில்லை. அது டி4-ஐ வெட்டியதும் சி8 யானைக்கு சி வரிசை திறக்கிறது. இரண்டு வேலைக்காரர்கள் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். எச்7 சிப்பாய்? போனால் போகட்டும்.

அரோனியன் வெட்டினார். நான் உடனே அந்தக் குதிரையைத் திருப்பி வெட்டியிருப்பேன். டி3 மந்திரி எச்7-ஐ வெட்டி செக் சொல்லும், ஒரு சிப்பாய் நஷ்டம். ஆனந்தோ குதிரையை ஜி4-க்கு அனுப்புகிறார். இப்போது எச்2-ஐ குதிரையும் டி6 மந்திரியும் சேர்ந்து பார்க்கின்றன. பேராசைப்பட்டு எஃப்8 யானையை வெட்டினால் மந்திரி எச்2-ஐ வெட்டி செக், ராஜா ஓரத்துக்குப் போகும், ராணி எச்4-க்கு வந்து நிற்கும். பிறகு வெள்ளை ராஜாவைக் காப்பாற்ற முடியாது. அதனால் 14. எஃப்4 என்று மந்திரியின் பாதையை அடைத்தார் அரோனியன்.

அந்த எஃப்4-க்கு ஒரு விலை உண்டு. எஃப்2-ல் சிப்பாய் இல்லை. இ3 சிப்பாயும் டி4-க்குப் போய்விட்டது. ஏ7-லிருந்து ஜி1 வரைக்குமான கோணல் பாதையில் இப்போது டி4-ல் ஒரே ஒரு சிப்பாய்தான் காவல்.

கறுப்பின் எஃப்8 யானை இன்னும் வெட்டில் நிற்கிறது. பையனும் நானும் ஒரே குரலில், யானை இ8 என்றோம். அட்டை இறங்கியது: மந்திரி சி5. டி4 சிப்பாய் வெட்டக்கூடிய இடத்திலேயே போய் உட்கார்கிறது. வெட்டினால் டி7 குதிரை சி5-ஐத் திருப்பி வெட்டும், டி வரிசை திறக்கும், ராணி டி4-ல் இறங்கி செக் சொல்லும். வெட்டாவிட்டால் அந்தச் சிப்பாய் அங்கேயே ஆணி அடித்தது போல மாட்டிக்கொண்டது. நகர்ந்தால் ராஜாவுக்கு செக்.

16-வதில் அரோனியன் மந்திரியை இ2-க்கு இறக்கி ஜி4 குதிரையை மிரட்டினார். ஆனந்தின் அடுத்த குதிரை இ5-ல் வந்து குதிக்கிறது. அந்த இடத்தை டி4, எஃப்4 இரண்டு சிப்பாய்களும் பார்க்கின்றன. ஆனால் டி4 சிப்பாய் கட்டுண்டது, வெட்ட முடியாது. எஃப்4 வெட்டலாமே? இந்த இடத்தில் பையன் எழுந்தே நின்றுவிட்டான். "மாமா, ராணி டி4 செக். ராஜா மூலைக்குப் போனா ராணியை ஜி1-ல வச்சு செக்! யானைதான் வெட்டணும். குதிரை எஃப்2, மேட்!" சரிதான். சொந்தக் காய்களே சுற்றி நின்று மூச்சை அடைக்கும் மேட். ராஜாவால் ஜி1 ராணியை வெட்ட முடியாது, சி5 மந்திரி பின்னால் நிற்கிறது.

இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண்டுபிடித்த சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது. அது மனப்பாடம் செய்தவன் முகம் இல்லை.

அவசரப்படாத நகர்த்தல்

19-வதில் வெள்ளை கடைசியில் எஃப்8 யானையை வெட்டிவிட்டது. எண்ணிப் பாருங்கள், கறுப்புக்கு ஒரு யானை குறைவு. எஃப்8 குதிரையை ராஜாவாலும் வெட்டலாம், ராணியாலும் வெட்டலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கை அங்கேதான் போகும். ஆனந்த் எஃப்5 ஆடினார். செக்கும் கிடையாது, வெட்டும் கிடையாது. சி2 ராணி எச்7-க்கு வரக்கூடிய கோணல் பாதையை மூடுகிறது, ஜி4 குதிரைக்கு முட்டுக் கொடுக்கிறது. அடுத்து ராணி எச்4-க்கு வந்தால் கதை முடிந்தது. இவ்வளவு நெருக்கடியில் ஒரு சிப்பாயை அமைதியாக இரண்டு கட்டம் தள்ளுவதற்குத்தான் எனக்குத் தெரிந்து தைரியம் என்று பேர்.

முடிவு இன்னும் அழகு. 22-வதில் ராணி எச்5-க்கு வந்ததும் எச்3-ஐ வெட்டி மேட் என்ற மிரட்டல். ஜி2 சிப்பாயால் அந்த ராணியை வெட்ட முடியாது, அது நகர்ந்தால் பி7 மந்திரியின் பார்வை நேராக எச்1 ராஜா மேல் விழும். அரோனியன் ராணியை டி3-க்குக் கொண்டுவந்து, மூன்றாவது வரிசை வழியாக எச்3-ஐக் காத்தார். ஆனந்தின் பதில், மந்திரி இ3. காவலுக்கு நின்ற ராணிக்கும் காக்கப்பட்ட சிப்பாய்க்கும் நடுவில் போய் நின்றது. ராணியால் வெட்டினால் ராணி போகும். வெள்ளை மந்திரியால் வெட்டினாலும் பாதை அடைத்தது அடைத்ததுதான், எச்3 விழும், அடுத்த நகர்த்தலில் மேட். அரோனியன் கை கொடுத்துவிட்டார். அந்த நேரத்திலும் பலகையில் வெள்ளையிடம்தான் காய்பலம் அதிகம்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். கறுப்பின் ஒரு மந்திரி டி6, சி5, டி4, இ3 என்று நடந்துகொண்டே இருந்தது. எல்லாக் குறிப்புகளும் அதைத்தான் புகழ்கின்றன. இன்னொன்று 10-வது நகர்த்தலில் பி7-க்கு வந்தது, அதற்குப் பிறகு அசையவே இல்லை. ஆனால் கடைசி மேட் நடப்பது அதனால்தான். ஓப்பனிங்கில் சிறைப்பட்டிருந்த அதே மந்திரி. வெள்ளைப் பக்கம் பாருங்கள்: 23 நகர்த்தலில் ஒரு குதிரை மட்டும் ஐந்து, ஒரு மந்திரி மட்டும் ஐந்து. இரண்டும் ஓடி ஓடி உழைத்துக் கடைசியில் செத்தன. ஏ1 யானையும் சி1 மந்திரியும் புறப்பட்ட இடத்தைவிட்டு நகரவே இல்லை.

ரூபின்ஸ்டைன் மறுபடி வருகிறார்

1907-ல் லோட்ஸ் நகரத்தில் ரோட்லெவி என்பவருக்கு எதிராக ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஆடிய ஆட்டம் செஸ் புத்தகங்களில் தவறாமல் இருக்கும். அதையும் அடுத்துப் போட்டுப் பார்த்தோம். அங்கேயும் வெள்ளை எஃப்4 ஆடி ராஜாவின் கோணல் பாதையைத் திறந்துவிடுகிறது. அங்கேயும் ராஜா எச்1-ல். கறுப்பு மந்திரிகள் பி6, பி7 என்று பக்கத்தில் பக்கத்தில். குதிரை ஜி4-ல். சி8-ல் யானை. ராணியையே வெட்டக் கொடுத்து ஜெயிக்கிறார் ரூபின்ஸ்டைன். எலும்புக்கூடு ஒன்றுதான், சதை வேறு. இடையில் நூறு வருஷத்துக்கும் மேல். இந்த ஒப்புமையை அப்போதே பலர் எழுதிவிட்டார்கள், நான் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அதிலிருந்து வரும் முடிவை நான் யோசிக்கவில்லை. 1907-ல் எந்த எஞ்சின் இருந்தது?

எஞ்சின் ஒரு நகர்த்தலுக்கு எண் கொடுக்கும். ஆயிரம் வரிசைகளில் எதைக் கைவசம் வைத்துக்கொள்வது என்று ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். கெல்ஃபாண்டோடு 2012 மே மாதம் நடந்த போட்டியில் இந்த நிலை பலகைக்கு வரவே இல்லை. எட்டு மாசம் கழித்து, வேறு ஊரில், வேறு ஆளுக்கு எதிராக அது வருகிறது. அதற்குள் ஆனந்த் எத்தனை வரிசைகளைப் பார்த்திருப்பார்! வெறும் எண்ணாக இருந்திருந்தால் இது மறந்திருக்கும். 'இந்த மந்திரிக்கு வாசல் திறக்க வேண்டும்' என்ற ஒரு காரணம் உள்ளே இருந்ததால் நின்றது. மனப்பாடத்துக்கும் தயாரிப்புக்கும் வித்தியாசம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எதிராளி எந்த நகர்த்தலிலும் வேறு பக்கம் திரும்பலாம். காரணம் தெரிந்தவன் அப்போதும் நடப்பான், வரிசை மட்டும் தெரிந்தவன் அங்கேயே நின்றுவிடுவான்.

எனவே இந்த ஆட்டம் வெறும் வீட்டுப்பாடம் என்ற என் பழைய கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எது வீட்டில் கண்டது, எது பலகையில் கண்டது என்று கோடு கிழிக்க ஆசைப்பட்டதே என் தப்பு.

குறை இல்லாமல் இல்லை. மகத்தான ஆட்டம் என்றால் எதிர்ப்பும் மகத்தானதாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறவன். இதில் வெள்ளை கிடைத்ததையெல்லாம் வெட்டிக்கொண்டே போனது, எதிர்த்தாக்குதல் ஒன்றும் அமையவில்லை. அந்த வகையில் இது ஒரு கை ஓசைதான். இன்னொன்று, அதே 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்த் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். தயாரிப்புச் சண்டைக்குள்ளேயே வராமல், ஓப்பனிங்கில் ஒதுங்கிப் போய் நெடுநேரம் ஆடிக் களைக்க வைப்பது கார்ல்சன் வழி. தயாரிப்பால் எல்லாம் ஆகிவிடாது என்பதற்கு அதுவே சாட்சி. பையனிடம் இதையும் சொன்னேன். அவனுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

கிளாஸுக்குப் போகிறானா என்று கேட்பீர்கள். இன்னும் முடிவு பண்ணவில்லையாம். ஊருக்குக் கிளம்பும்போது அந்தத் தாளையும் அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நேற்று போன் பண்ணினான். "மாமா, 12-வதுல ஜி6 ஆடினா நிஜமாவே தோத்துடுவோமா? எனக்கு அப்படித் தோணலை." எஞ்சினிடம் கேட்கவில்லையா என்றேன். இல்லையாம். பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.